பயந்தாங்கொள்ளி விவினாவின் பயணங்கள்

ஹாலந்துக்குத் தெற்கே உள்ள எங்கள் நினோவே ஊரில் பயந்தாங்கொள்ளி என்றால் அது விவினாதான். பள்ளிக்கூட நாளிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். தேவாலயத் திருவிழாவில் ராட்டினம் சுற்றத் தொடங்கும் முன்பே இறக்கிவிடச் சொல்லி அழுவாளாம். ஆற்றுப் பாலத்தில் ஓரமாக நடக்கமாட்டாள். நாய், இடி, பல் மருத்துவர், லிஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் பயம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நான் அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவள். போர்வைகளை உலர்த்தும் பெரிய எந்திரம் திடீரென்று நின்றால்கூட என் கையைப் பிடித்துக்கொள்வாள். என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இதே விவினாதான் ஒவ்வொரு கோடையிலும் முதுகில் ஒரு கூடாரத்தைச் சுமந்துகொண்டு தனியாகக் கிளம்பிப் போவாள். போர்ச்சுகலில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஸ்காட்லாந்தில் மழையில் ஊறியிருக்கிறாள். போலந்தில் லாரிக்காரர்களோடு சூப் குடித்திருக்கிறாள். இது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. மூடுபனி விழுந்த ஒரு நாளில்தான் புரிந்தது. அதற்கு முன் அவளுடைய முதல் பயணத்தைச் சொல்லவேண்டும்.

அப்போது விவினாவுக்கு வயது இருபது. துணி தைக்கும் பட்டறையில் வேலை. அவளுடைய உயிர்த் தோழி கொலேட்டா, கறிக்கடைக்காரர் மகள். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கொலேட்டாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அண்ணனுடைய மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவாள். பாதிரியார் பார்க்கிற தூரத்தில் நின்று சிகரெட் பிடிப்பாள். விவினாவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அதே விவினாவை வேறு யாராவது கிண்டல் செய்தால் அடிக்கப் போவதும் அவள்தான்.

ஒரு கோடையில் கொலேட்டா வந்து சொன்னாள்: "நார்வே போறோம்டி. ரோட்டுல நின்னு கை காட்டுவோம், எவன் நிறுத்துறானோ அவன் வண்டியில ஏறுவோம். எங்க மாமாகிட்ட சாரணர் கூடாரம் ஒண்ணு இருக்கு."

"ரெண்டு பேர் மட்டுமா?"

"பின்ன, பட்டாளத்தையா கூட்டிட்டுப் போக முடியும்?"

கொலேட்டாவிடம் மாட்டேன் என்று சொல்லவும் விவினாவுக்குப் பயம். அதனால் கிளம்பிவிட்டாள்.

பூசணம் பிடித்த வாசனை அடிக்கும் அந்தக் கூடாரம் பெரிய சுமை. கயிறு, கம்பு, இரும்பு ஆணி எல்லாம் சேர்ந்து முதுகை அழுத்தியது. ரொட்டியும் டப்பாவில் அடைத்த ஈரல் விழுதும்தான் சாப்பாடு. எங்காவது பண்ணை வீட்டில் கேட்டால் பால் கொடுப்பார்கள், மாடு இல்லாத மூலையில் கூடாரம் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஹாலந்தைத் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை என்று விவினா சொல்லியிருக்கிறாள். அவள் அகராதியில் அதற்கு அர்த்தம், தினமும் நாலைந்து தடவைதான் நடுங்கினாள் என்பது.

ஜெர்மனிக்குள் நுழைந்த பிறகு தொப்பி வைத்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். கொலேட்டா முன்னால் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள். விவினா பின்னால். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும், எதுவும் சொல்லாமல், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு காட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பினார். மரங்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. விவினா மெதுவாகப் பைக்குள் கையை விட்டு ஒரு கூடார ஆணியை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்றது. பெரியவர் இறங்கிப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். மண்வெட்டியோடு வந்தார்.

அவ்வளவுதான். விவினா கதவைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓட்டம் பிடித்தாள். முள்ளும் பெரணியும் காலைக் கிழித்தன. ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, கொலேட்டாவின் அலறல் கேட்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டாள். கேட்டதோ கொலேட்டாவின் சிரிப்பு. அந்த மனிதர் மகள் வீட்டுத் தோட்டத்துக்குக் காட்டு மண் வெட்டிக்கொண்டிருந்தார். சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது கொலேட்டா.

அதற்குப் பிறகு எந்த முகாமுக்குப் போனாலும் அந்தக் கதைதான். "இவளைத் தெரியுமா? ஆணியைத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடினவ!" என்று கொலேட்டா நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். விவினாவும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டாள். இனி எது நடந்தாலும் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது.

அந்த முடிவுதான் இருவரையும் சாவின் வாசல்வரை கொண்டுபோனது.

ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் ஒரு சின்னத் தீவு. கடல் உள்வாங்கும்போது கரையிலிருந்து தீவுவரைக்கும் வெறும் சேற்றுத் தரையாகிவிடும், நடந்தே போகலாம். கடல் திரும்பும்போது அந்த இடமெல்லாம் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர். கப்பலும் உண்டு. "கப்பலுக்குக் குடுக்குற காசை வறுத்த மீனுக்குக் குடுப்போம்" என்றாள் கொலேட்டா. போகும்போது வெயில் அடித்தது. உயரச் சக்கரம் வைத்த குதிரை வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, இவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றின் பின்னால் நடந்தார்கள். வழி தெரிவதற்காகப் பூர்ச்ச மரக் கிளைகளைக் கட்டுக்கட்டாகச் சேற்றில் நட்டிருந்தார்கள். நடுவழியில் நாலைந்து கம்பங்கள்மேல் ஒரு பரண். சுற்றிலும் கம்பி, ஏறுவதற்கு ஏணி. அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏறி உட்காருவதற்காம். கொலேட்டா அதில் பாதி ஏறி நின்று, "பயந்தாங்கொள்ளிகளுக்குன்னு வீடு கட்டி வச்சிருக்காங்கடி!" என்று கத்தினாள்.

தீவில் கெசீனா என்ற பண்ணைக்கார அம்மாளின் மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் போட்டார்கள். கடுகடுப்பான பெண்மணி. முதல் நாளே விரல் நீட்டிச் சொல்லிவிட்டாள்: "திரும்பிப் போறப்போ வண்டிங்களோட சேந்து போங்க. வண்டி போயிடுச்சுன்னா, அன்னிக்குப் போகாதீங்க. புரிஞ்சுதா, பொண்ணுங்களா?"

கிளம்பவேண்டிய நாளில், காலையிலேயே கொலேட்டா இரண்டு ஜெர்மன் பையன்களோடு தீவின் மறுபக்கம், கடலில் ஒதுங்கும் மஞ்சள் நிற அம்பர் கல் பொறுக்கப் போய்விட்டாள். விவினா கூடாரத்தைப் பிரித்து, சுருட்டி, பைகளின்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். வண்டிகள் கிளம்பிப் போவதைப் பார்த்தாள். அவை சின்னப் புள்ளிகளாகி மறைவதையும் பார்த்தாள். கெசீனா அம்மாள் வைக்கோல் அள்ள வயலுக்குப் போயிருந்தாள். வெகுநேரம் கழித்துத் தலைமுடி ஈரமாக, பாக்கெட் நிறையக் கல்லோடு கொலேட்டா வந்தாள். பையன்களும் கூடவே.

"வண்டிங்க எப்பவோ போயிடுச்சு. நாளைக்குப் போலாமே" என்றாள் விவினா.

"அட, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? தரை இன்னும் காய்ஞ்சுதானே கெடக்கு. வேணும்னா ஆணியைக் கையில எடுத்துக்கோ."

பையன்கள் சிரித்தார்கள். ஆணிக் கதை அவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கொலேட்டா கல்லையெல்லாம் தன் பையில் கொட்ட, விவினா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சேறு காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வானத்தின் அடியில், கடல் இருக்கவேண்டிய திசையில், பால் சிந்தியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. விவினா அதைப் பார்த்தாள். சொல்லவில்லை. அந்தக் கோடு தடித்தது. திரும்பிப் பார்த்தபோது தீவின் கலங்கரை விளக்கத்துக்குத் தலை இல்லை. இன்னொரு முறை பார்த்தபோது கலங்கரை விளக்கமே இல்லை. அப்புறம் அந்த மூடுபனி அவர்கள்மேலும் வந்து மூடியது. சத்தமில்லாமல், ஈரத் துணியை முகத்தில் போட்டதுபோல.

"கொலேட்டா."

"இங்கதான் இருக்கேன். நட, நட. கிளைக் கட்டைப் பாத்து நட."

அடுத்த கட்டு தெரிந்தது. அதற்கடுத்ததும். அதற்குப் பிறகு தெரியவில்லை. இருவரும் நின்றார்கள். பகல் வெளிச்சம்தான். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அலைச் சத்தம் இல்லை. யாரோ பக்கத்தில் நின்று மெல்ல உறிஞ்சிக் குடிக்கிறதுபோல. விவினா குனிந்து பார்த்தாள். அவள் காலடித் தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அது பக்கத்துத் தடத்துக்கு ஓடியது.

"தண்ணி வருது."

"மழைத் தண்ணியாயிருக்கும்."

"மழை எங்கடி பெய்யுது?"

கொலேட்டா வேகமாக நடக்க ஆரம்பித்தாள். கிளைக் கட்டு இல்லாத திசையில். விவினா ஓடிப்போய் அவள் பையைப் பிடித்து இழுத்தாள். திரும்பினால் கடைசியாகப் பார்த்த கட்டையும் காணோம். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி இன்றைக்கும் விவினா, "சுத்திலும் யாரும் இல்ல, எதுவும் இல்ல. பூமியே இல்லாத மாதிரி" என்பாள். தங்கள் காலடித் தடத்தைத் தண்ணீர் அழிப்பதற்கு முன், குனிந்து, கையால் தடவித் தடவிப் பின்னால் போனார்கள். கட்டு கிடைத்தது. விவினா அதைக் கட்டிக்கொண்டாள்.

கூடாரக் கயிறுகளை நினைத்தது அங்கேதான். பையைப் பிரித்து எல்லாக் கயிறுகளையும் ஒன்றோடொன்று முடிந்தாள். தையல்காரியின் விரல்கள், முடிச்சு சரியாக விழுந்தது. ஒரு முனையைக் கிளைக் கட்டில் கட்டி, அங்கே கொலேட்டாவை நிறுத்தினாள். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெள்ளைக்குள் நடந்தாள்.

"பேசிக்கிட்டே இரு. குரலை நிறுத்தாத!"

"என்னத்தைப் பேச?"

"ஏதாவது பேசு, உங்க கடை விலையெல்லாம் சொல்லு!"

கொலேட்டா மாட்டுக்கறி, பன்றிக்கறி, ரத்தத் தொத்திறைச்சி என்று கத்திக்கொண்டிருந்தாள். விவினா கயிறு இழுபடும் தூரம்வரை போய், அரைவட்டமாகச் சுற்றித் தேடினாள். நிழல்போல ஏதோ தெரிந்தது. அடுத்த கட்டு. "வா, முடிச்சை அவுத்துட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே வா!" என்று கூப்பிட்டாள். இப்படி ஒவ்வொரு கட்டாகத் தாண்டினார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பிறகு ஆடுசதைக்கு. இப்போது அது நின்றுகொண்டிருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் இழுத்தது. சில இடங்களில் அடியில் தரையே தாழ்ந்தது.

அப்படி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது தண்ணீர் கொலேட்டாவின் இடுப்புக்கு வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி ஏறி, அடுத்த கட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். விவினா கயிற்றை இழுத்தாள், அவள் அசையவில்லை.

"வாடி!"

"நான் வரல."

"என்னடி சொல்ற?"

"நான் இங்கயே நிக்கிறேன். யாராவது வருவாங்க. நீ போ."

விவினா திரும்பி அவளிடம் வந்தாள். அப்படி ஒரு முகத்தை அவள் கொலேட்டாவிடம் பார்த்ததே இல்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ராட்டினத்தின் உச்சியில் எழுந்து நின்று கை தட்டுகிறவள், ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல விம்மினாள். விவினா திட்டினாள், கெஞ்சினாள், கன்னத்தில் அறைந்தாள். பிடி தளரவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியது.

கடைசியில் விவினா வெறும் வெள்ளையைப் பார்த்துக் கையை நீட்டி, "அதோ, பரண் தெரியுது!" என்றாள்.

"எங்க?"

"அதோ, கொஞ்சம் தள்ளி. ஏணிகூடத் தெரியுது. உன் கண்ணு நெறைய தண்ணி, அதான் உனக்குத் தெரியல."

அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கொலேட்டாவின் ஒரு கை கட்டிலிருந்து விட்டது. அந்தக் கையை விவினா பற்றிக்கொண்டாள். கொலேட்டாவின் முதுகுப்பைப் பட்டையைக் கழற்றினாள், தன்னுடையதையும் கழற்றினாள். கூடாரமும் தூங்கும் பையும் ரொட்டியும் அம்பர் கல்லும் தண்ணீரோடு போயின. பாஸ்போர்ட் மட்டும் இருவர் கழுத்துப் பையிலும் தங்கிவிட்டது. இருவரும் கைகோத்து, நீரோட்டத்துக்குச் சாய்ந்துகொண்டு நடந்தார்கள். கிளைக் கட்டு வரவில்லை. இன்னும் நடந்தார்கள். தண்ணீர் வயிற்றுக்கு வந்தபோது, பொய் சொல்லி இவளைக் கொன்றுவிட்டேன் என்று விவினா நினைத்தாள். அப்போது அவள் முழங்கால் இரும்பில் இடித்தது. ஏணியின் அடிப்படி.

எப்படி ஏறினார்கள் என்பது இருவருக்கும் நினைவில்லை. பரண் பலகையில் குப்புறக் கிடந்தார்கள். கீழே தண்ணீர் ஏணிப் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. பலகைக்குக் கீழே வந்து நிற்குமா, நிற்காதா என்று யாருக்குத் தெரியும்? விவினா இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கேயோ ஒரு மோட்டார் படகு சத்தம் கேட்டது. இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். சத்தம் நெருங்கி வந்து, பிறகு விலகிப் போய்விட்டது. கொலேட்டா பலகையில் சுருண்டுகொண்டாள். குளிரில் அவள் கண் சொருகியது.

"தூங்காத. நம்ம தெருவுல, முக்கு வீட்டுல யாரு இருக்கா? சொல்லு."

"...புறாக்கார தாத்தா."

"அடுத்த வீடு?"

"மூக்கு நீளமா இருக்குமே, அந்தப் பொம்பள."

"பேரு?"

"தெரியாது. மூக்குக்காரி."

"அவ வீட்டுக்கு எதிர்ல?"

இப்படித் தெருமுழுக்க வீடு வீடாகப் போனார்கள். முடிந்ததும் அடுத்த தெரு. விவினாவின் பற்கள் தந்தியடித்துக்கொண்டே இருந்தன, பாதிப் பெயர்கள் சரியாக வெளியே வரவில்லை. ஒரு கட்டத்தில் தண்ணீர் ஏறுவது நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது.

பிறகு, வந்ததுபோலவே ஓசையில்லாமல், பனி விலகியது. சாயங்கால வெயில் அடித்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம் என்பாள் விவினா. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பளபளவென்று நடுக்கடல். அதன் நடுவில் நாலு கம்புகள்மேல் இரண்டு பெண்கள். எங்கே நடந்து வந்தோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கொலேட்டா பார்த்தாள், முகத்தை மூடிக்கொண்டாள், அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை.

கடல் மறுபடி உள்வாங்கத் தொடங்கியதும், குதிரைகளின் வயிற்றைத் தண்ணீர் தொடத் தொட, கெசீனா அம்மாள் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். மேய்ச்சல் நிலம் காலியாக இருப்பதைப் பார்த்து அந்தப் பையன்களைக் கேட்டிருக்கிறாள். கரைக்குத் தொலைபேசியில் சொல்லி, படகில் தேடவைத்து, இவர்கள் கிடைக்காமல், தானே கிளம்பிவிட்டாள்.

"சொன்னேனா இல்லையா? காதுல என்ன, வைக்கோலா வச்சிருந்தீங்க?" என்று கீழே நின்று கத்தினாள். கத்திக்கொண்டே தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மேலே வீசினாள். கொலேட்டாவை ஏணியிலிருந்து பெயர்த்து இறக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஏற்றிய பிறகு கெசீனா அம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "என் அண்ணனை இந்தக் கடல் இப்படித்தான் எடுத்துக்கிச்சு" என்றாள், குதிரைகளைப் பார்த்தபடி.

கரைக்குப் போனதும் கொலேட்டா ரயில் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டாள். விவினா திரும்பவில்லை. கெசீனா அம்மாளின் பழைய சட்டையும் யாரோ கொடுத்த போர்வையுமாகத் தனியாக டென்மார்க் பக்கம் போனாள். வைக்கோல் கொட்டகைகளில் படுத்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே போனாளாம். கார் நின்றால் பயம், நிற்காவிட்டாலும் பயம்.

"அப்புறம் ஏன்கா போனீங்க?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"வீட்டுக்குப் போனா இனி வெளியவே வரமாட்டேன்னு தெரியும். அதுக்குப் பயந்துதான் போனேன்."

ஊரில் கதை வேறு மாதிரி பரவியது. கொலேட்டா பெரிய கண்டத்திலிருந்து விவினாவைக் காப்பாற்றிக் கூட்டிவந்தாள் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பயந்தாங்கொள்ளியையும் தைரியசாலியையும் தெரிந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? கொலேட்டா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். விவினாவும் திருத்தவில்லை. கொலேட்டா கறிக்கடையை எடுத்து நடத்தினாள், கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு ஊரைவிட்டு எங்கும் போனதில்லை. மகன் கடற்கரையில் வீடு வாங்கியபோதுகூட அங்கே காலெடுத்து வைக்கவில்லை. விவினா கட்டிக்கொண்டவரோ புறாப் பந்தயக்காரர். பேர் ஃபிர்மின். புறாக்களை விட்டுவிட்டு ஒரு நாள்கூட அசையமாட்டார். அதனால் அவள் கோடையில் தனியாகவே போனாள்.

எங்கள் ஊரில் ஆற்றுப் பக்கம் குளிர்காலத்தில் மூடுபனி இறங்கும். அப்படிப்பட்ட காலை நேரங்களில் சலவைப் பிரிவுத் தொலைபேசி மணி அடிக்கும். விவினா எடுத்து, "ம்... ம்... வரேன்" என்று வைத்துவிடுவாள். "ஹில்டா, கொஞ்சம் பாத்துக்கோ, வெளிய போயிட்டு வந்துடறேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போவாள். பனி விலகிய பிறகுதான் திரும்புவாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. ஒரு தடவை மேற்பார்வையாளர் என்னை அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொன்னார். கறிக்கடைக்குப் பின்னால் சமையலறையில் கண்டுபிடித்தேன். திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன, விளக்குகள் எல்லாம் எரிந்தன. கொலேட்டா நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கடியில் காலை இறுக்கி வைத்திருந்தாள். பார்த்தாலே கை எடுத்துக் கும்பிடத் தோன்றும் அந்த மிடுக்கான பெண்மணியின் முகம் சுண்ணாம்புபோல இருந்தது. விவினா எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் இன்னொரு கத்தியை எடுத்து உரிக்க உட்கார்ந்தேன்.

திரும்பி வரும் வழியில்தான் விவினா எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னிக்கு நான் தைரியமா இருந்தேன்னு நெனைச்சுக்காத, ஹில்டா. மூத்திரமே போயிட்டேன். ஆனா எனக்குப் பயத்தோட நடந்து பழக்கம். சின்ன வயசுலேந்து பழக்கம். அவளுக்கு அது மொத தடவை, பாவம். அது அவளை விடவே இல்ல."

"பரண் தெரியுதுன்னு சொன்னது பொய்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குக் கண்ணு கூர்மைன்னு இன்னும் நெனைச்சுக்கிட்டிருக்கா. நீ எதையும் ஒளறிடாத."

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் கொலேட்டா இறந்துபோனாள். இதயம். அன்று நல்ல வெயில், பனியில்லை. விவினா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ பெரிய ஆறுதல்போல. ஃபிர்மின் அதற்கு முன்பே போய்விட்டார். அந்தக் கோடையில் அவள் எங்கும் கிளம்பவில்லை. கூடாரம் மாடி அறையில் கிடந்தது.

இந்த வருஷம் நான்தான் கேட்டேன், கூட வரட்டுமா என்று. எனக்கும் மூட்டு வலி, எனக்கும் ஆள் இல்லை. பிரான்சின் மலைப்பக்கம் போனோம். கிளம்புகிற காலையில் பேருந்து நிலையக் கழிப்பறையில் அவள் வாந்தி எடுத்தாள். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், நீ பதறாத" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். மலைப்பாதையில் பேருந்து திரும்பும்போதெல்லாம் என் மணிக்கட்டில் நகம் பதிந்தது.

ஒரு பண்ணையின் புல்வெளியில் கூடாரம் போட்டோம். விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும், அவள் என்னை உலுக்கி எழுப்பினாள். கண் பிதுங்கியிருந்தது.

"வெளிய ஏதோ மூச்சு விடுது."

கேட்டேன். உண்மைதான். கனமான, ஈரமான மூச்சு. கூடாரத் துணி எங்கள் தலைப்பக்கம் உள்ளே புடைத்தது. அப்புறம் இன்னொரு பக்கமும். பெரிய உருவங்களின் நிழல்கள் துணிமேல் நகர்ந்தன. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

"பசு மாடா இருக்கும்கா" என்றேன், என் குரல் எனக்கே கேட்காமல்.

"காளையா இருந்தா?"

"அப்போ அசையாம படுத்திருப்போம். தானா போயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முட்டிபோட்டு எழுந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கூடார வாசலின் ஜிப்பைக் கீழிருந்து மேலாக இழுத்துத் திறந்தாள்.